சனிக்கிழமைச் சோறு

சோறு வடித்ததும் முதல் அகப்பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தில்லைநாயகி மற்ற வேலைகளுக்குக் கை வைப்பாள். சனிக்கிழமைகளில் மட்டும் அப்படி. ரூ காய் என்ற தெருவில் அவள் வேலைசெய்த சாப்பாட்டுக்கடையின் சமையலறை நிலத்துக்குக் கீழே இருந்தது. தெருவோடு ஒட்டினாற்போல ஒரு சின்னக் கம்பிச் சன்னல். பகலில் அதன் வழியே போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். காலை ஐந்தரைக்குச் சப்பாத்துகளும் இல்லை. குப்பை வண்டி நின்று நின்று போகிற சத்தமும், அப்பால் இரும்புப் பாலத்தில் மெத்ரோ உருளுகிற சத்தமும்தான். ஆவி அடங்காத சோற்றைத் தட்டில் பரப்பி, வறுத்த எள்ளைத் தூவி, தயிர் விட்டு, உப்புப் போடாமல் விரல்நுனியால் பிசைந்தாள். பிசையும்போது உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் தேவாரம் சொல்வதாகக் கடைக்காரர் குகதாசன் நினைத்திருந்தார். அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குகதாசன் படியிறங்கி வந்து, கோப்பி இயந்திரத்தைத் தட்டிவிட்டு, அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்ன அக்கா, மாசி மாசம் சின்னப் பெட்டி. இப்ப ஐஸ்கிறீம் வாளி. உங்கடை காகங்கள் ஒண்டுக்கொண்டு சொல்லிக்கொண்டு வருகுதுகள் போல."

"வந்தவையை வேண்டாமெண்டு சொல்லேலுமே தம்பி."

"ஒருநாளைக்கு இஞ்சை கடைக்கே வந்து மேசை கேக்கப்போகுதுகள்."

"கேட்டாக் குடுங்கோ. சனிக்கிழமையிலை மச்சம் மாமிசம் மட்டும் வையாதேங்கோ."

அவர் சிரித்துக்கொண்டு, பத்தரைக்குள் வந்துவிடும்படி சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் கடையில் நிற்க இடமிராது. நாற்பத்தைந்து பேர் இருக்கிற இடத்தில் எழுபது பேர் நிற்பார்கள். ஆனாலும் அந்த நாலரை மணித்தியாலத்தை அவர் அவளுக்கு ஒருபோதும் மறுத்ததில்லை. அவருக்கும் ஊரில் ஆட்கள் இருந்தார்கள், இல்லாமல் போனார்கள்.

அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா காலமாகி மூன்று வருஷம். முதலில் அவள் தன் அறைச் சன்னலில்தான் சோறு வைத்தாள். ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஐந்தாம் மாடி. காகம் வரவில்லை. புறாக்கள் வந்தன. ஒரு கிழமையில் கட்டடத்துப் புறாக்கள் எல்லாம் வந்தன. கீழ்வீட்டுக்காரர் எழுதிய கடிதத்தை வாசலில் ஒட்டினார்கள். அதன் பிறகுதான் சாம்பல் கரைத்த இடத்தின் நினைவு வந்தது. மகெந்தா நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணித்தியாலம், பிறகு இருபது நிமிஷ நடை. மார்ன் ஆறு அந்த இடத்தில் சற்று அகலித்து வளைகிறது. பழைய தண்ணீர் இறைக்கும் நிலையம் ஒன்று, கூரையில்லாமல் மூன்று சுவரோடு நிற்கும். கிரியைக்கு வந்த ஐயர், வேட்டிக்கு மேலே குளிருடுப்பும் காலில் ஓட்டச் சப்பாத்துமாக, அந்தச் சுவருக்குப் பின்னால் இடம் காட்டினார். யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார். தை மாதத்துத் தண்ணீர் ஊசியாகக் குத்தியது. அவளுடைய மனிதர் அந்தத் தண்ணீரில் ஒரு சாம்பல் கோடாகக் கொஞ்சத்தூரம் போய்ப் பிறகு தெரியாமல் போனார்.

போன கார்த்திகையில் முதல் சனிக்கிழமை ஒரு காகம் வந்தது. இந்த ஊர்க் காகம். கழுத்தில் சாம்பல் இல்லை, முழுக் கறுப்பு, ஊர்க்காகத்தைவிட ஒரு பங்கு பெரிது. இடக்கால் கொஞ்சம் இழுத்தது. அவருக்கும் இடமுழங்கால் நோ இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்று, அது சாப்பிட்டு முடியுமட்டும் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் வந்து அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள். காகம் எடுத்த பிறகுதான் அவள் பல்லில் பச்சைத்தண்ணி படுவது.

அடுத்த கிழமை இரண்டு வந்தன. தைக்கு ஐந்து. அவர் தனியே வரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கூட அவருடைய தாயும் வந்திருப்பா. தம்பியார் இருவர், ஒருவரின் மனுசியும் பிள்ளையும். ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் எந்த நாள், எந்த இடம் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சாமல் போனவர்கள். திதி தெரியாதவர்களுக்கு யார் திவசம் செய்வது? பதினாறு வருஷம் அவர்கள் பசியோடு இருந்திருப்பார்கள். இவர் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறார். உயிரோடு இருந்த காலத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் நாலுபேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருகிற ஆள்தானே. அவள் அரிசியைக் கூட்டினாள். காகங்கள் கூடக் கூட அவளுக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கரையில்தான் ஜிஸ்லேன் அறிமுகமானது. பங்குனிக் கடைசியில், இறைப்பு நிலையத்துக்கு அப்பால் மடக்கு நாற்காலி போட்டு, மூன்றுகால் தாங்கியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். கத்தரித்த நரைமயிர், ஆண்கள் போடுகிற பச்சை மழைக்கோட்டு, கழுத்தில் சிலுவை. தில்லைநாயகி பயந்துபோனாள். சோறு வைப்பது பிழையான காரியமாக இருக்கலாம், கடிதம் ஒட்டுவார்கள். அவள் "பொன்ழூர் மதாம்" என்று சொல்லி விலகி நடந்தபோது, "தமிழா நீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டது.

ஜிஸ்லேன் பாண்டிச்சேரிக்காரி. தகப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பதினோரு வயதில் இங்கே வந்தவள். நாற்பது வருஷம் தபால் அலுவலகக் கவுண்டர், இப்போது ஓய்வு. கணவர் இல்லை, பிள்ளைகள் லியோனில். பறவைகளுக்கான ஒரு சிறிய சங்கத்தில் இருந்தாள். அதில் மொத்தம் ஒன்பது பேர், அவர்களில் நடக்கக் கூடியவர்கள் ஐந்து பேர்.

"உங்க தமிழ் பாதி புரியுது, பாதி பூசையில பாடற மாதிரி இருக்குது," என்றாள்.

"உங்கடையும் எனக்குப் படம் பாக்கிற மாதிரி இருக்கு," என்றாள் தில்லைநாயகி.

அந்த வளைவில் ஆற்றின் நடுவே, ஒரு பேருந்தின் நீளத்தில் கூழாங்கல் திட்டு ஒன்று கோடையில் மேலே வரும். ஆலாப் பறவைகள் அதில்தான் முட்டையிடுகின்றன. வெள்ளையும் சாம்பலுமாய், கறுப்புத் தொப்பி போட்டாற்போலத் தலை, கத்தரிக்கோல் வால். கடல் தாண்டி ஆபிரிக்காவிலிருந்து வருகின்றன என்று ஜிஸ்லேன் சொன்னாள். கூடு என்று ஒன்று இல்லை. கல்லில் சின்னக் குழி, அதில் கல்லின் நிறத்திலேயே இரண்டு, மூன்று முட்டை. கரையில் பட்டுப்போன பொப்லார் மரம் ஒன்று நின்றது. சித்திரையில் அதன் உச்சியில் ஒரு விராலடிப்பான் பருந்து இரண்டு நாள் தங்கி, வடக்கே போகிற வழியில் மீன் தின்று களையாறியது. ஜிஸ்லேன் தொலைநோக்கியைத் தாழ்த்திக் கொடுக்க, தில்லைநாயகி அதன் மஞ்சள் கண்ணைப் பார்த்தாள். யாரும் தன்னை அவ்வளவு நேராகப் பார்த்து வெகுகாலம் என்று நினைத்தாள்.

அந்தக் கரையை ஒரு கட்டடக் கொம்பனி வாங்கியிருந்தது. ஆற்றைப் பார்த்தபடி நூற்றிருபது வீடு, படகு கட்டக் கொங்கிறீற் மேடை. மேடை வந்தால் திட்டை அள்ளி ஆழமாக்கிவிடுவார்கள், இறைப்பு நிலையத்தையும் பொப்லார் மரத்தையும் எடுத்துவிடுவார்கள். சங்கம் மூன்று வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருசம் குஞ்சு பறந்துடுச்சி," என்று ஜிஸ்லேன் தன் குறிப்புக் கொப்பியைத் தட்டிக் காட்டினாள். "இது மூணாவது. இந்த வருசமும் பறந்துடுச்சின்னா கரையைத் தொடக்கூடாதுன்னு அர்ரெத்தே, அதான் அரசாங்க உத்தரவு, போடறேன்னு சொல்லியிருக்காங்க. ஜூன் இருபத்தொண்ணு ஆளு வர்றாரு, எண்ணிப் பாக்க. அது வரைக்கும் இந்தப் புள்ளைங்க உசுரோட இருக்கணும், அவ்ளோதான்."

ஐயர் காட்டிய இடமும் போய்விடும் என்பது தில்லைநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு இந்த நாட்டில் சொந்தமென்று இருந்தது அந்த மூன்று சுவர்தான். அன்றைக்கே ஜிஸ்லேனிடம் கையெழுத்துத் தாள்களை வாங்கிக்கொண்டு போனாள். வேலை முடிந்த இடைவேளைகளில் ரூ காயில் மரக்கறிக்கடை, சேலைக்கடை, தலைமயிர் வெட்டுகிற இடம் என்று ஏறி இறங்கினாள். "என்ன அக்கா, ஆலாவுக்கு விசாவோ?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். இருநூற்றுப் பதினான்கு பேர். பறவை என்ன, ஆறு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டது தில்லை அக்கா, அதனால் போட்டார்கள். ஜிஸ்லேன் தாள்களைப் புரட்டிப் பார்த்து, வாசிக்க முடியாத தமிழ்க் கையெழுத்துகளைத் தடவிக் கொடுத்தாள்.

வைகாசியில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தில்லைநாயகி முதலில் இறைப்பு நிலையத்தின் பின்னால் போவாள். ஜிஸ்லேன் அவள் செபிக்கப் போகிறாள் என்று எண்ணி அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். சோறு வைத்துக் காகங்கள் சாப்பிட்டதும் வெறும் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவாள். ஜிஸ்லேன் வணக்கத்துக்குப் பதிலாக ஓர் எண்ணைச் சொல்வாள். கூடுகளின் எண்ணிக்கை.

"பதினாலு தில்லை."

"கூடிப்போச்சே."

"கூடிடுச்சி. அந்தா, அவனைப் பாருங்க. வாயில மீனு. பொம்பளைக்குக் கொண்டாறான். அவ வாங்கிக்கிற வரைக்கும் வாயிலயே வெச்சிக்கினு சுத்துவான், தானும் துன்னமாட்டான். எங்க வீட்டுக்காரரு ஒரு நாளு ஒரு வாழப்பழம் வாங்கியாந்தது இல்ல."

தில்லைநாயகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்ரீஸ்கந்தராசாவின் நினைவும் வந்தது. சம்பள நாளில் லா சப்பல் கடைகளில் மல்லிகைப்பூ தேடி அலைவார். தாய்லாந்துப் பூ, மணமில்லாதது. இருந்தாலும் தேடுவார்.

அவர்கள் அப்படிச் சிரித்த அன்றைக்குத்தான் ஜிஸ்லேன் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"ஒண்ணுதான் புரியமாட்டேங்குது. மார்ச்சுல இங்க காக்கா எட்டு. போன மாசம் பத்தொம்போது. இன்னைக்கு முப்பத்திரெண்டு. சனிக்கெழமைன்னா விடியக்காலையே வந்து மரத்துல ஒக்காந்துக்குதுங்க. எங்கயோ யாரோ குப்ப கொட்றாங்க. ரெண்டு மூணு வந்தா ஆலாங்க கொத்தி வெரட்டிடும். முப்பது வந்தா என்ன செய்யும்? முட்டை தரையிலதான கெடக்குது."

தில்லைநாயகி கையிலிருந்த தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குப்பை என்ற சொல் உள்ளே போய் இறங்காமல் நின்றது. ரயிலில் வரும்போது பையைத் திறந்து பெட்டியை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் நாலு பருக்கை ஒட்டியிருந்தது.

அந்தக் கிழமை முழுக்க அவளுக்கு நித்திரை சரியில்லை. வெங்காயம் உரிக்கும்போதும் அதே யோசனை. சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் எப்படிப் போகும்? சொல்லாமல் விடலாம், விட்டால் முட்டைகள். சோற்றை நிறுத்தலாம், நிறுத்தினால் அவர்கள் பதினாறு வருஷத்துக்குப் பிறகு வந்து இருந்த பந்தியில் இலையை இழுக்கிற மாதிரி. வியாழக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போய் வெகுநேரம் இருந்தாள். பிள்ளையார் வழக்கம்போல எல்லாருடைய கதையையும் கேட்டுக்கொண்டு இருந்தார். கடைசியில் அவள் தானாகத்தான் ஒரு முடிவுக்கு வந்தாள். முட்டைக்குள் இருப்பது இன்னும் பிறக்காத உயிர். செத்தவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். அறையில் அவருடைய படத்தின் முன்னால் விளக்கைத் தூண்டி, "ஒரு ஆறு கிழமைதானப்பா," என்றாள். "குஞ்சுகள் பறக்குமட்டும். அவையளுக்கும் எடுத்துச் சொல்லுங்கோ. பிறகு நான் எல்லாத்துக்கும் சேத்து வைக்கிறன்."

ஜூன் ஏழாம் திகதி அவள் சோறில்லாமல் போனாள். கையில் இரண்டு செவ்வரத்தம் பூ மட்டும்.

காகங்கள் அவளுக்கு முன்னமே வந்திருந்தன. சுவரில் வரிசையாக, பொப்லார் கிளையில், தரையில். அவளைக் கண்டதும் இறங்கி அரைவட்டமாக நின்றன. இடக்கால் இழுக்கிறது முன்னால் வந்து அவளுடைய பையைப் பார்த்தது. அவள் பூவைத் தண்ணீரில் விட்டாள். கும்பிட்டாள். வெறும் கைகளை விரித்துக் காட்டினாள். அவை நம்பவில்லை. ஒன்று பையின் வாரைக் கொத்தி இழுத்தது. அவள் அங்கே இருக்க முடியாமல் எழுந்து நடந்தாள். அவை தத்தித் தத்திப் பின்னால் வந்தன. ஜிஸ்லேனின் நாற்காலியை அவள் எட்டியபோது அவை அந்தக் கரையோரப் புல்லில் கொஞ்சநேரம் நின்றன. பிறகு ஒன்று எழும்பியது. அதன் பின்னால் மற்றவை. யாரோ சொல்லிவைத்தாற்போல எல்லாம் ஒன்றாக எழும்பித் திட்டின் மேல் இறங்கின.

ஆலாக்கள் எழுப்பிய சத்தம் கிழிபடுகிற சீலையின் சத்தம்போல இருந்தது. வெள்ளையெல்லாம் மேலே சுழன்று, ஒவ்வொன்றாக மடங்கி விழுந்து காகங்களின் தலையில் கொத்தின. ஒரு காகம் பறந்தால் அந்த இடத்தில் இரண்டு இறங்கின. ஜிஸ்லேன் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அறுபத்தேழு வயதுப் பெண், இடுப்பளவு தண்ணீரில் நின்று மடக்கு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டு, பிரெஞ்சும் தமிழும் இல்லாத ஏதோ ஒன்றில் கத்தினாள். நீரோட்டம் அவளை அதற்குமேல் விடவில்லை. தில்லைநாயகி கரையில் நின்று கல் பொறுக்கி எறிந்தாள். எறிந்த முதல் கல் திட்டில் விழுந்தது. முட்டையில் பட்டுவிடுமோ என்று இரண்டாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

இருபது நிமிஷம் இருக்கும். காகங்கள் ஒவ்வொன்றும் அலகில் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், இறைப்பு நிலையத்துச் சுவருக்குப் போயின. அவள் வழமையாகச் சோறு வைக்கும் கல்லில் வைத்து உடைத்துக் குடித்தன.

ஜிஸ்லேன் கரையேறி உட்கார்ந்தாள். பல் அடித்துக்கொண்டிருந்தது. தில்லைநாயகி தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவளுடைய காலைத் துடைத்து, சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினாள். பெருவிரல்களைச் சூடுவரத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"குப்பை ஒருத்தரும் கொட்டேல்லை அக்கா. நான்தான். ஒவ்வொரு சனியும் நான்தான் சோறு வைச்சனான். எங்கடை செத்த ஆக்களுக்கு. இண்டைக்குத்தான் வையாமல் விட்டனான். உங்கடை பறவையளுக்காகத்தான் விட்டனான்."

ஆற்றில் ஒரு சரக்குப் படகு போயிற்று. அதன் அலை வந்து கல்லில் மோதி அடங்கியது.

"ஒரு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்," என்றாள் ஜிஸ்லேன். "திடீர்னு நிறுத்தாம, தள்ளித் தள்ளி வெச்சு வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

"ஓம்."

"வாய தொறந்து ஒரு வார்த்த."

"ஓம் அக்கா."

ஜிஸ்லேன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கொப்பியை எடுத்துத் திகதி போட்டு, கூடுகள் மூன்று என்று எழுதினாள். காகங்களின் கணக்குக்கு எதிரே, காரணம் என்ற இடத்தில், வைகாசியிலிருந்தே ஒரு கேள்விக்குறி கிடந்தது. பென்சில் அதன்மேல் போய் நின்றது. அவள் பென்சிலைக் கொப்பிக்குள் வைத்து மூடினாள். கேள்விக்குறி அப்படியே இருந்தது.

மிச்ச மூன்றும் அடுத்த கிழமைக்குள் போய்விட்டன. ஜிஸ்லேன் நாள்தோறும் வந்து காவலிருந்தாள். இரவுகளுக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜூன் இருபத்தொன்றில் ழான்-மார்க் என்ற அதிகாரி வந்தார். நல்ல மனிதர், தானே ஒரு தொலைநோக்கி கொண்டுவந்திருந்தார். ஒரு மணித்தியாலம் திட்டை நோக்கிக்கொண்டு நின்றார், தாமாக வந்து முட்டையிடுங்கள் என்று கேட்கிறவரைப்போல. பிறகு படிவத்தில் பூச்சியம் என்று எழுதி, "மன்னிக்கணும் மதாம்" என்று இருவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துகளையும் பற்றி அவரிடம் கேட்டாள் ஜிஸ்லேன். அவை அலுவலகக் கோப்பில் இருக்கின்றன என்றார்.

தில்லைநாயகி சோறு வைப்பதை விட்டுவிட்டாள். வைக்கக் கை வரவில்லை. சன்னலில் வைத்தால் புறா, கரையில் வைத்தால் அந்த முட்டைகளின் நினைவு. சனிக்கிழமைகளில் முதல் அகப்பையை எடுக்காமல் சோற்றைக் கிண்டினாள். ஆனால் காகம் எடுக்காமல் அவளால் சாப்பிடவும் முடியவில்லை. எழுபது பேருக்குப் போட்டு, பாத்திரம் கழுவி, பொழுதுபட வெறும் வயிற்றோடு அறைக்கு ஏறுவாள். அவருடைய படத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அங்கே எல்லாரும் பசியோடு அவரைச் சுற்றி நிற்பதாக இருந்தது. நாலாம் சனிக்கிழமை அவள் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் குகதாசன் கண்டார்.

"அக்கா, நீங்கள் விழுந்தால் என்னாலை தூக்கேலாது. எனக்கு முதுகு நோ."

"விழமாட்டன் தம்பி."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் வரும்போது மேசையில் ஐஸ்கிறீம் பெட்டி இருந்தது. பச்சையரிசிச் சோறு, எள்ளுப் போட்டு, தயிர் விட்டு, குழையக் குழையப் பிசைந்து. எள் கொஞ்சம் கருகியிருந்தது. "உப்புப் போடேல்லை," என்று குகதாசன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "காகங்களுக்கு வைச்சிட்டு வாங்கோ. மத்தியானத்துக்கு ஆள் பாத்திட்டன்."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தாள். ஆடிச் சனிக்கிழமை, விடுமுறைக்குப் போகிற பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு நின்றார்கள். இறங்கி நடக்கும்போதே இயந்திரச் சத்தம் கேட்டது. கரை முழுக்கக் கம்பிவேலி. பொப்லார் மரம் துண்டு துண்டாக அடுக்கப்பட்டுக் கிடந்தது. இறைப்பு நிலையம் இருந்த இடத்தில் செங்கல் குவியல். ஒரு மண்வாரி இயந்திரம் மிதவையில் நின்று திட்டின் கல்லை அள்ளிப் படகில் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கவிழ்க்கும்போதும் கூழாங்கற்கள் சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

வேலிக்கு வெளியே, நாற்காலியில் ஜிஸ்லேன் இருந்தாள். தொலைநோக்கி இல்லை. தில்லைநாயகி வந்து பக்கத்தில் புல்லில் இருந்தாள். வணக்கத்துக்கு எண் எதுவும் இல்லை. வேலியில் ஏழெட்டுக் காகங்கள் இருந்தன. இடக்கால் இழுக்கிறதும் இருந்தது. அவை பெட்டியை அடையாளம் கண்டுகொண்டன.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள் ஜிஸ்லேன்.

"இல்லை."

"மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சி?"

"சனியிலை நான் சாப்பிடுறேல்லை அக்கா. அவையள் சாப்பிட்ட பிறகுதான். அவையளுக்கு இப்ப நான் வைக்கிறேல்லை."

ஜிஸ்லேன் பெட்டியையும் வேலியில் இருந்த காகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் பூசை கொடுத்துவிட்டு நாங்களே சாப்பிட்டுவிடுவோம் என்று ஏதோ சொல்ல வந்தவள்போல வாயைத் திறந்து, சொல்லாமல் வலக்கையை நீட்டினாள். உள்ளங்கையில் தபால் முத்திரைக்கட்டை பிடித்த பழைய காய்ப்பு இருந்தது.

"எனக்கு வைங்க."

"இது உப்பில்லாதது."

"பரவால்ல வைங்க. எனக்கும் நாப்பத்திரெண்டு முட்டை போச்சி."

தில்லைநாயகி மூடியைத் திறந்து, ஒரு உருண்டை உருட்டி, அந்தக் கையில் வைத்தாள். உதடுகள் தானாக அசைந்தன. ஜிஸ்லேன் அதை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். கருகிய எள் ஒன்று பல்லில் நெரிபட்டது. "நல்லா இல்ல," என்றாள். மறுபடி கையை நீட்டினாள். தில்லைநாயகி இரண்டாவது உருண்டையை உருட்டினாள். உருட்டியது கையிலேயே இருந்தது.

ஆற்றின் வளைவிலிருந்து ஒரே ஓர் ஆலா வந்தது. அலகில் குறுக்கே ஒரு மீன், வெயில் பட்டு மினுங்கியது. மண்வாரி இயந்திரத்தின் மேல் ஒரு வட்டம் போட்டது. கல் இருந்த இடத்தில் கலங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. அது தாழ்ந்து வந்து, இறங்குகிறாற்போல காலை நீட்டி, நீட்டிய காலை மடக்கிக்கொண்டு மேலே போயிற்று. மறுபடி வந்தது. இயந்திரம் கல்லைக் கவிழ்த்தது. மீனை விடாமல், விழுங்காமல், அது இன்னொரு வட்டம் போட்டது.